ஒரு படத்தைப் பார்த்து "எந்த ஊர்?" என்று கேட்பது எப்படி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் என்னைப் பார்த்து "உங்களுக்கு எந்த ஊர்?" என்று யாராவது கேட்டால், திண்டிவனம் என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவேன். பதினோரு ஆண்டுகளுக்கு முன்பு வேலைக்காக வந்தவன் நான். வீட்டுச் சாவி இன்னும் அங்கே அம்மாவின் இடுப்பில்தான் இருக்கிறது. அதே கேள்வியை, டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த் குடியிருப்பில் நான் நடத்தும் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் கேட்டபோது ஒருவருக்கும் ஒற்றைச் சொல்லில் பதில் வரவில்லை. "யூனிட் 3" என்றார் ஒருவர். "கேட்டோ மேனர், ஆனால் எங்கள் தெரு இப்போது இல்லை" என்றார் இன்னொருவர். பதினைந்து வயதுப் பையன் ஒருவன், "ஊர் தெரியாது சார், தாத்தாவுக்குத் தாத்தாவின் நம்பர் இருக்கிறது, சொல்லட்டுமா?" என்றான்.

அடுத்த வாரம் ஆளுக்கொரு புகைப்படம் கொண்டுவாருங்கள், "எந்த ஊர்" என்ற கேள்விக்கு அந்தப் படம் பதில் சொல்ல வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். மொழிப் பாடத்துக்காக யோசித்த சின்ன வேலை அது. எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போய்விட்டது. வீடு, புலம்பெயர்வு, ஒட்டுதல் ஆகியவற்றைப் புகைப்படத்தின் வழியாக ஆராய்வதைக் கலைக் கல்லூரிகளில் பாடமாக வைத்திருக்கிறார்கள், அருங்காட்சியகங்களில் அதற்கென்று கண்காட்சிகள் நடக்கின்றன. கேமராவைப் பற்றி அதிகம் தெரியாத ஒருவர் அதற்குள் எப்படி நுழைவது என்பதை, நான் நுழைந்த வாசல் வழியாகவே சொல்கிறேன்.

முதலில் சொற்களைப் பார்த்துவிடுவோம். புலம்பெயர்வுக்கு விளக்கம் வேண்டியதில்லை. வீடு என்ற சொல் விடு என்ற வினையிலிருந்து வந்தது. அறம், பொருள், இன்பம், வீடு என்று அடுக்கும்போது அந்த வீட்டுக்கு விடுதலை என்று பொருள். குடியிருக்கும் இடத்துக்கும் விட்டுப் போவதற்கும் நம் மொழியில் வேர் ஒன்றுதான். இதைச் சொன்ன நாளில் வகுப்பில் ஒருவர்கூடக் கைபேசியைப் பார்க்கவில்லை. மூன்றாவதாக வரும் ஒட்டுதல்தான் பிடிகொடுக்காத சொல். இந்த இடத்துக்கு, இந்தக் கூட்டத்துக்கு நான் உரியவன் என்று மனதுக்குள் ஓடும் நினைப்பு அது. எனக்கென்னவோ 'சொந்தம்' என்ற சொல்தான் இதற்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. சொந்த வீடு, சொந்த ஊர், சொந்தக்காரர் என்று உடைமையையும் பிறப்பிடத்தையும் உறவையும் அந்த ஒரு சொல் சுமக்கிறது.

சரி, சொந்தத்தைப் படத்தில் எங்கே பார்ப்பது? கட்டடத்தைப் பார்க்கலாம், முகத்தைப் பார்க்கலாம். ஒட்டுதலுக்கு உருவம் கிடையாதே. எனக்கு உதவிய ஒரு வழி இருக்கிறது. எந்தப் படத்தைக் கையில் எடுத்தாலும், "இதில் இருப்பவர் எதைத் தீர்மானித்தார்?" என்று கேட்கிறேன். எங்கே நிற்பது, எந்தச் சேலை கட்டுவது, பக்கத்தில் யார், பின்னால் என்ன தெரிய வேண்டும், படம் யார் கைக்குப் போக வேண்டும்? இவற்றில் எத்தனை அவர் முடிவு, எத்தனை கேமராவுக்குப் பின்னால் நின்றவர் முடிவு? இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு தென்னாப்பிரிக்கத் தமிழர்களின் நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேலான கதையைப் புரட்டிப் பார்க்கலாம்.

எழுத்தால் எடுத்த படம்

1860 நவம்பர் 16 அன்று, சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்ற கப்பல் 342 பேரோடு டர்பன் துறைமுகத்துக்கு வந்தது. கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த முதல் இந்தியர்கள் அவர்கள். 1911 வரை வந்தவர்களைக் கூட்டினால் 1,52,184 பேர். புகைப்படக் கலை 1839-இலேயே பாரிஸில் அறிவிக்கப்பட்டுவிட்டது. ஆனால் ட்ரூரோவில் வந்தவர்கள் கரையிறங்கியபோது அவர்களை யாரும் படம் எடுக்கவில்லை. பேரேட்டில் எழுதிக்கொண்டார்கள். ஓர் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, மாவட்டம், கிராமம், உடம்பில் உள்ள அடையாளங்கள். பையன் சொன்ன நம்பர் இந்தப் பேரேட்டு எண்தான்.

உடம்பின் அடையாளங்களை எழுதிய அந்தக் கடைசிக் கட்டத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். எந்தத் தழும்பு எந்தக் காலில், மச்சம் எந்தத் தோளில் என்று எழுதியிருக்கும். ஓடிப்போனால் பிடிப்பதற்கு. முகம் பார்க்க எப்படி இருந்தது என்று ஒரு வார்த்தை இருக்காது. எழுத்தால் எடுத்த படம் என்று இதைச் சொல்லலாம். இதில் எழுதப்பட்டவர் தீர்மானித்தது ஒன்றும் இல்லை. பெயரைக்கூட எழுத்தர் காதில் விழுந்தபடிதான் எழுதினார். கவுண்டர் கோவெண்டர் ஆனதும் முதலியார் மூட்லி ஆனதும் இப்படித்தான்.

பக்கத்துத் தீவான மொரீஷியசில் அரசு இன்னும் ஒரு படி மேலே போனது. ஒப்பந்தம் முடித்து வெளியே வந்த 'பழைய குடியேறிகள்' தங்கள் புகைப்படம் ஒட்டிய சீட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்று 1867-இல் சட்டம் வந்தது. சீட்டு இல்லாமல் தெருவில் அகப்பட்டால் கைது. அந்தப் படங்கள் இன்று மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. தங்கள் முன்னோரின் முகத்தைத் தேடி அங்கே போகிற குடும்பங்களுக்கு அவை பொக்கிஷம். எடுக்கப்பட்ட நாளில் அவை போலீஸ் சாமான். ஒரே தாள், இரண்டு வாழ்க்கை. ஒரு படத்துக்குப் பொருள் அது எடுக்கப்பட்ட நொடியில் முடிந்துவிடுவதில்லை என்பது இந்தத் துறையின் பாலபாடம்; அதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

தென்னாப்பிரிக்காவிலும் காகிதமும் கைரேகையும் தொடர்ந்தன. ஜோகன்னஸ்பர்க் அடங்கிய டிரான்ஸ்வால் பகுதியில் ஆசியர்கள் கைரேகை கொடுத்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற சட்டத்தை எதிர்த்து, 1908 ஆகஸ்ட் 16 அன்று ஜோகன்னஸ்பர்க் மசூதி ஒன்றின் முன்னால் பதிவுச் சீட்டுகளைக் குவித்துக் கொளுத்தினார்கள். அடுத்த கட்டப் போராட்டத்தில் சிறைக்குப் போய், 1914 பிப்ரவரியில் பதினாறு வயதில் உயிரை விட்ட தில்லையாடி வள்ளியம்மை பிறந்தது ஜோகன்னஸ்பர்க்கில். அவர் பெயருக்கு முன்னால் நாம் வைத்திருப்பது கடலுக்கு இந்தப் பக்கம் அவர் பிறந்த நகரத்தை அல்ல, கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் கிராமத்தை. 'எந்த ஊர்' என்ற கேள்விக்கு அவர் சார்பில் நாமே பதில் எழுதிவிட்டோம் என்று சில சமயம் நினைத்துக்கொள்வேன்.

இந்தக் காகித ஆட்சியின் முழுக் கொடுமையும் விழுந்தது ஆப்பிரிக்கர்கள் மேல். 1952 சட்டத்துக்குப் பிறகு, பதினாறு வயதைத் தாண்டிய ஒவ்வோர் ஆப்பிரிக்கரும் நடமாடுவதற்கான அனுமதியாக, படம் ஒட்டிய பாஸ் புத்தகத்தைச் சுமக்க வேண்டியிருந்தது. 1986-இல்தான் அது ஒழிந்தது. பிறந்த நாட்டுக்குள்ளேயே ஒரு மனிதர் அயலார் என்று அவர் முகத்தை வைத்தே நிரூபித்த புத்தகம் அது.

வாடகைக் கோட், வரைந்த தோட்டம்

அடையாளச் சீட்டுக்கு நேர் எதிரே நிற்பது ஸ்டூடியோ படம். காசு கொடுத்து, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு, எண்ணெய் வைத்துச் சீவிக்கொண்டு போய் எடுத்துக்கொள்வது. பின்னால் திரையில் வரைந்த தூண்கள், மாடிப்படி, தோட்டம். பலர் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள்: வீட்டில் நிமிர்ந்து நிற்க இடமில்லை, படத்தில் பளிங்கு மாளிகை. நானும் சிரித்திருக்கிறேன். இப்போது சிரிப்பதில்லை. எங்கே நிற்பது என்று அந்த மனிதர் வாழ்நாளில் தீர்மானித்த ஒரே இடம் அந்தத் திரையாக இருந்திருக்கலாம்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் 'கிட்டி' என்று அழைக்கப்பட்ட சிங்காரம் ஜீவரத்னம் மூட்லி 1957 முதல் ஒரு ஸ்டூடியோ நடத்தினார். 1922-இல் பிறந்து 1987-இல் மறைந்தவர். நிறவெறிச் சட்டங்கள் தெரு தெருவாக மனிதர்களைப் பிரித்து வைத்திருந்த காலத்தில் அவருடைய கேமராவுக்கு முன்னால் ஆப்பிரிக்கர்களும் இந்தியர்களும் கலப்பினத்தவர் என்று வகைப்படுத்தப்பட்டவர்களும் வந்து உட்கார்ந்தார்கள். ஜூலு மரபுடையில் வந்தவர்களும் உண்டு, அந்தக் காலத்து நாகரிக உடையில் வந்தவர்களும் உண்டு. பாஸ் புத்தகத்தில் உறைந்துபோன அதே நகரத்தின் முகங்கள் இங்கே இடுப்பில் கைவைத்து நிற்கின்றன. அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு அவருடைய நெகட்டிவ்கள் நியூயார்க்கில் கண்காட்சியாக வைக்கப்பட்டன. படத்துக்குக் காசு கொடுத்தவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும் என்ற கேள்வியும் கூடவே வருகிறது; படம் யார் கையில் என்பதும் சொந்தம் பற்றிய கேள்விதானே.

சான்டு மொஃபோகெங் (1956–2020) இந்தக் கேள்வியை விடாமல் துரத்தியவர். தானே தெருத் தெருவாகப் படம் எடுத்த கலைஞர் அவர். ஒரு கட்டத்தில், 1890-க்கும் 1950-க்கும் இடையே ஆப்பிரிக்கக் குடும்பங்கள் ஸ்டூடியோக்களில் எடுத்துக்கொண்ட படங்களை வீடு வீடாகத் தேடிச் சேகரித்தார். விக்டோரியா காலத்துக் கவுன், கோட்டு, கைத்தடி. இவர்கள் யார், எந்த நிகழ்ச்சிக்காக எடுத்தது, இவர்கள் என்னவாக விரும்பினார்கள் என்ற கேள்விகளைப் படங்களோடு சேர்த்தே காட்டினார். புதிதாக ஒரு படமும் எடுக்காமல், பழைய படங்களைத் தேடுவதும் அடுக்குவதும் கேட்பதுமே ஒரு படைப்பாகும் என்று அவரிடம் கற்றுக்கொள்ளலாம். உங்களிடம் நல்ல கேமரா இல்லை என்றால் கவலை வேண்டாம் என்று இதற்குப் பொருள்.

ஆவணப்படக்காரர்கள்

மூன்றாவது வகை, வெளியே போய் உள்ளதை உள்ளபடி பதிவு செய்கிறவர்கள் எடுப்பது. இங்கே தீர்மானம் இருவருக்கும் இடையே ஊசலாடும். படம் எடுப்பவருக்கு ஒரு நோக்கம் இருக்கும். படத்தில் இருப்பவருக்கு அது தெரியாமலே போகலாம்.

எர்னெஸ்ட் கோல் 1940-இல் பிரிட்டோரியா அருகே பிறந்தவர். நிறவெறி ஆட்சியில் கறுப்பராக இருந்துகொண்டு ஊர் சுற்றிப் படம் எடுக்க முடியாது. அதனால் தன் குடும்பப் பெயரின் எழுத்தை மாற்றிக்கொண்டு, தன்னைக் கலப்பினத்தவராக அரசு ஏட்டில் மாற்றிப் பதிவு செய்யவைத்தார். வேறொருவராக ஆனால்தான் தன் ஊரைப் படமெடுக்க முடியும் என்ற நிலை. பாஸ் சோதனை, சுரங்கத் தொழிலாளர், நெரிசல் ரயில் என்று எடுத்துக் குவித்து 1966-இல் நாட்டை விட்டு வெளியேறினார். மறு ஆண்டு நியூயார்க்கில் அவை நூலாக வந்தன. தென்னாப்பிரிக்காவில் அந்த நூல் தடை செய்யப்பட்டது. அவர் திரும்ப முடியவில்லை. 1990-இல் நியூயார்க்கிலேயே இறந்தார். 2017-இல் ஸ்வீடனில் ஒரு வங்கிப் பெட்டகத்திலிருந்து அவருடைய ஏறக்குறைய 60,000 நெகட்டிவ்கள் வெளிவந்தன. ஊருக்குத் திரும்பாத மனிதரின் படங்கள் ஊர் ஊராக அலைந்திருக்கின்றன.

டர்பனுக்கு வருவோம். இசிப்பிங்கோவைச் சேர்ந்த ரஞ்சித் கல்லி (1925–2017) பத்திரிகைக்காரர்; ட்ரம் இதழுக்காக நகரத்து வாழ்க்கையையும் அரசியல் தலைவர்களையும் எடுத்தார். ஒமர் பாட்ஷா 1945-இல் டர்பனில் பிறந்தவர், கிரே தெருப் பகுதியின் கடைகளையும் மனிதர்களையும் உள்ளேயிருந்து எடுத்தவர். உள்ளூர்க்காரர் எடுத்த படத்துக்கும் வந்து போகிறவர் எடுத்த படத்துக்கும் ஒரு வேறுபாடு இருக்கிறது. பட்டணம் பார்க்க வந்தவர் கோபுரத்தை எடுப்பார், காவடியை எடுப்பார், தீமிதியை எடுப்பார். உள்ளூர்க்காரர் தீமிதி முடிந்தபின் காலை நீட்டி உட்கார்ந்து ஃபேன்டா குடிக்கிற மாமாவை எடுப்பார். என் மாணவர்களில் ஒருவர் ஆடி மாதக் கூழ் வார்ப்பைப் படம் எடுத்துவந்தார். இங்கே அதற்குப் பெயரே 'போரிட்ஜ் பிரேயர்'. படத்தில் அம்மன் இல்லை. கூழ் வாங்குவதற்காகச் சுவரோரம் வரிசையாக வைத்திருந்த பழைய ஐஸ்கிரீம் டப்பாக்கள் மட்டும் இருந்தன, ஒவ்வொன்றின் மூடியிலும் மை பேனாவால் ஒரு வீட்டின் பெயர். அந்த ஆண்டு எனக்கு வந்தவற்றில் அதுதான் சிறந்த படம் என்பேன்.

ஓட்டை விழுந்த படம்

வகுப்புக்கு வருகிற ஆன்ட்டி ஒருவருக்கு எழுபத்தெட்டு வயது. அவர் தன் படத்தைக் கொண்டுவரவில்லை. "தம்பி, வீட்டுக்கு வந்து பார். டப்பாவை வெளியே எடுத்துவர மாட்டேன்" என்றார். போனேன். பழைய பிஸ்கட் தகர டப்பா. உள்ளே கல்யாணக் கடிதங்கள், மருந்துச் சீட்டுகள், ஒரு ரப்பர் பேண்டில் கட்டிய படங்கள். அதில் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார்.

டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில், மரமும் தகரமுமாகக் கட்டிய வீட்டு வாசலில் எடுத்த குடும்பப் படம். கறுப்பு வெள்ளை. ஆண்கள் பின்வரிசை, பெண்கள் முன்வரிசை, கீழே மண்ணில் மூன்று குழந்தைகள். அந்த மூன்றில் நடுவில் இருப்பது ஆன்ட்டி. கூடத்தில் இருந்த நல்ல நாற்காலியை வெளியே தூக்கி வந்து போட்டிருக்கிறார்கள், நாற்காலியின் ஒரு கால் சரியாக நிற்காததால் அடியில் ஒரு செங்கல். நாற்காலியில் வெள்ளைச் சேலையில் ஒருவர். அவர்தான் ஆயா, ஆன்ட்டியின் பாட்டி. கழுத்து இருக்கிறது, தோள் இருக்கிறது, மடியில் கைகள் இருக்கின்றன. முகம் இருக்க வேண்டிய இடத்தில் சதுரமாக ஓர் ஓட்டை. அதன் வழியாக மேசை விரிப்பின் பூ தெரிந்தது.

"பென்ஷன் பேப்பருக்குப் படம் கேட்டார்கள். ஆயாவுக்கு வேறு படமே கிடையாது. அப்பா கத்தரிக்கோலை எடுத்துவிட்டார்" என்றார்.

முகம் ஏதோ ஒரு கோப்புக்குள் போய்ச் சேர்ந்து, கோப்பு எங்கோ போய்விட்டது. உடம்பு பிஸ்கட் டப்பாவில் தங்கிவிட்டது. இவ்வளவு நேரம் நான் சொல்லிவந்த இரண்டு வகைப் படங்களும், அரசு கேட்ட படமும் வீடு எடுத்த படமும், ஒரே தாளில் கத்தரிக்கோலால் பிரிந்து கிடந்தன. ஆயா தீர்மானித்தது அந்த வெள்ளைச் சேலையும் நாற்காலியும். முகத்தை எங்கே அனுப்புவது என்று அவரிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அந்த வீடும் இல்லை. 1950-இல் வந்த குழுப் பகுதிகள் சட்டம் எந்த இனத்தவர் எங்கே குடியிருக்கலாம் என்று வரைபடத்தில் கோடு போட்டது. கேட்டோ மேனரிலிருந்தும், நகராட்சித் தொழிலாளர்கள், பெரும்பாலும் தமிழர்கள், வாழ்ந்த மேகஸின் பாரக்ஸிலிருந்தும் குடும்பங்கள் 1960-களில் சாட்ஸ்வொர்த்துக்குப் பெயர்க்கப்பட்டன. இந்தியர்கள் வாழை பயிரிட்டுக்கொண்டிருந்த நிலத்தில் எழுப்பிய குடியிருப்பு சாட்ஸ்வொர்த். பகுதிகளுக்குப் பெயருக்கு முன்னால் எண் வந்தது: யூனிட் 1, யூனிட் 2. கப்பலில் வந்தவருக்கு ஓர் எண், பேரப்பிள்ளைகளுக்கு இன்னோர் எண். புலம்பெயர்வு என்றதும் நாம் கடலைத்தான் நினைக்கிறோம். ஆன்ட்டி வாழ்வில் பெரிய புலம்பெயர்வு, ஒரு லாரியில் சாமான் ஏற்றிப் போன சில மைல் தூரம்தான்.

ஜோகன்னஸ்பர்க்கில் இதே நடந்தபோது டேவிட் கோல்ட்பிளாட் (1930–2018) கேமராவோடு போய் நின்றார். இந்தியர்கள் வாழ்ந்த ஃபீட்டாஸ் பகுதியின் கடைகளையும் வீடுகளையும் மனிதர்களையும் இடிப்பதற்கு முன்பு எடுத்தார், இடித்த பிறகும் எடுத்தார். அதே இடம், இரண்டு படம், நடுவில் ஒரு சட்டம். இந்த முறையை யாரும் பின்பற்றலாம். பழைய படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அது எடுத்த அதே இடத்தைத் தேடிப் போய் நின்று மறுபடி எடுப்பது. இடம் மாறியிருந்தால் அது ஒரு செய்தி, மாறாமல் இருந்தால் அதைவிடப் பெரிய செய்தி. கேப்டவுனில் 1966-இல் வெள்ளையர் பகுதி என்று அறிவிக்கப்பட்டு அழிக்கப்பட்ட டிஸ்ட்ரிக்ட் சிக்ஸுக்கு ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. 1994-இல் தொடங்கியது. தரையில் அந்தப் பகுதியின் பெரிய வரைபடம். அங்கே வாழ்ந்தவர்கள் வந்து தங்கள் வீடு இருந்த இடத்தில் பெயரை எழுதினார்கள். சுற்றிலும் குடும்பப் படங்கள். ஒரு தரம் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், கொஞ்சம் கசப்பானதுதான். எங்கள் வகுப்பில் வந்து குவிந்த அத்தனை குடும்பப் படங்களையும் வரிசையாகத் தரையில் பரப்பியபோது, ஒரு ஜூலு முகம்கூட அதில் இல்லை. அடுத்த மேட்டில் வாழ்ந்தவர்கள், சந்தையில் பக்கத்துப் பாயில் காய்கறி விற்றவர்கள், சில வீடுகளில் குழந்தையைத் தூக்கி வளர்த்தவர்கள். ஒரே ஒரு படத்தின் ஓரத்தில் ஒரு குழந்தையைப் பிடித்திருக்கும் ஒரு கை மட்டும் தெரிந்தது, முழங்கை வரை. 1949 ஜனவரியில் டர்பனில் ஆப்பிரிக்கர்களுக்கும் இந்தியர்களுக்கும் இடையே நடந்த கலவரத்தில் 142 பேர் இறந்தார்கள், அவர்களில் பாதிக்கு மேல் ஆப்பிரிக்கர்கள். அந்தப் பயம் ஆல்பங்களிலும் புகுந்திருக்கலாம். நம்மவர் யார் என்று படம் சொல்லும்போதே, நம்மவர் அல்லாதவர் யார் என்று படத்தின் விளிம்பு சொல்லிவிடுகிறது. அதனால் எந்தப் படத்திலும் விளிம்பைப் பாருங்கள். நடுவைப் பார்க்க யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நீங்கள் தொடங்கும்போது

கைபேசி போதும். கதவைத் திறந்துவைத்து, ஜன்னல் பக்கம் ஆளை உட்காரவைத்தால் வெளிச்சம் தானே வேலை செய்யும். பழைய படத்தைப் படம் எடுப்பதென்றால் கண்ணாடிச் சட்டத்திலிருந்து வெளியே எடுத்து, மேகமூட்டமான நேரத்தில், நேர் மேலிருந்து எடுங்கள். பின்பக்கத்தையும் எடுங்கள். பாதிக் கதை பின்பக்கத்தில் பென்சிலால் எழுதியிருக்கும், அல்லது ஸ்டூடியோவின் முத்திரை இருக்கும்.

பெட்டி, கப்பல், சூரிய அஸ்தமனம், முதுகைக் காட்டிக் கடலைப் பார்க்கும் மனிதர் ஆகிய நான்கையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். புலம்பெயர்வு என்றாலே எல்லாரும் இவற்றைத்தான் எடுக்கிறார்கள். என் முதல் படமும் டர்பன் கடற்கரையில் ஒரு பெட்டிதான்; அதை வகுப்பில் காட்டியபோது, "சார், இது லக்கேஜ் கடை விளம்பரமா?" என்று கேட்டார்கள். சின்னதாக, தினமும் கை படுகிற ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். வாசல்படி, அஞ்சறைப்பெட்டி, குளிர்சாதனப் பெட்டியின் கதவு, சாமி மாடம். ஒரே பொருளை ஒரு மாதம் எடுங்கள். பத்தாவது நாள் சலிக்கும். பதினைந்தாவது நாளுக்குப் பிறகு எதையாவது பார்ப்பீர்கள்.

மனிதரை எடுப்பதென்றால் முதலில் கேளுங்கள். சம்மதத்தை மட்டும் கேட்டு நிறுத்திவிடாமல், எங்கே உட்கார விருப்பம், எதைக் கையில் வைத்துக்கொள்ள விருப்பம், யாரைப் பக்கத்தில் அழைக்க வேண்டும் என்று கேளுங்கள். பிறகு வாயை மூடிக்கொண்டு அவர் சொல்கிறபடி செய்யுங்கள். அழகாக வராது. ட்யூப்லைட் வெளிச்சம் விழும், பின்னால் காலண்டர் தொங்கும். இருக்கட்டும். எடுத்த படத்தின் பிரதி ஒன்றை அச்சுப்போட்டு அவரிடமே கொடுத்துவிடுங்கள், கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு மறந்துபோகாதீர்கள். படத்துக்கு ஒரு குறிப்பு எழுதிவையுங்கள்: பெயர், ஊர், ஆண்டு, யார் எடுத்தது. எழுதுவது நீங்களாக இல்லாமல் அவராக இருந்தால் நல்லது.

ஆன்ட்டியிடமும் அப்படித்தான் கேட்டேன். சோபாவில் உட்கார மாட்டேன் என்றார். பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி வந்து கேட்டுக்கு வெளியே, தெரு தெரிகிற மாதிரி போடச் சொன்னார். வெள்ளையில் சிவப்புக் கரை போட்ட சேலைக்கு மாறினார். டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, ஓட்டை விழுந்த படத்தை அதன்மேல் நிமிர்த்திப் பிடித்தார். இப்போதெல்லாம் கணினியில் அந்த இடத்தில் ஒரு முகத்தை வரவழைத்துவிடலாம் என்று அவருடைய பேத்தி சொன்னாள், செய்தும் காட்டினாள். கைபேசித் திரையில் யாரோ ஒரு பாட்டி சிரித்தார். ஆன்ட்டி கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். "அழகாகத்தான் இருக்கிறாள். எங்கள் ஆயா இல்லை" என்று கைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அச்சுப்போட்ட படத்தை அடுத்த ஞாயிறு கொண்டுபோனேன். பின்பக்கத்தில் குறிப்பைத் தமிழில் எழுத வேண்டும் என்று அவருக்கு ஆசை. ஒரு வருடமாகக் கற்றுக்கொள்கிறார், 'ழ' மட்டும் இன்னும் எதிர்ப்பக்கம் சுழிக்கிறது. பெயர் எழுதினார். ஆண்டு எழுதினார். ஊர் என்ற இடத்தில் பேனா நின்றது. "வட ஆர்க்காடு" என்று மெதுவாக, எழுத்துக்கூட்டி எழுதினார். பேரேட்டின் நகலில் அவர் படித்தது அவ்வளவுதான். பிறகு அதன்மேல் ஒரு கோடு இழுத்துவிட்டுக் "கேட்டோ மேனர்" என்று எழுதினார். அதன்மேலும் ஒரு கோடு. "வேறு தாள் தரட்டுமா ஆன்ட்டி?" என்று கேட்டேன். வேண்டாம் என்று கையை ஆட்டினார். இரண்டு கோட்டுக்கும் கீழே வீட்டு எண்ணையும் யூனிட் எண்ணையும் எழுதி, மை காயட்டும் என்று படத்தைக் கவிழ்த்தபடியே டப்பாவின் மூடிமேல் வைத்தார்.